யாரும் பார்க்காத மரத்தடியில்

பால் மரம் வெட்டுகிறவர் விடியுமுன்னே காட்டுக்குள் போய்விடுவார். நூற்றுக்கணக்கான மரங்கள், நெற்றியில் ஒரு விளக்கு. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். அந்த இடத்துப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. ஒவ்வொரு மரத்தடியிலும் கங்காணி நிற்க முடியுமா? ஒரு தோட்டத்தின் பல்லாண்டு வருமானம், மேற்பார்வை எட்டாத இடத்தில் ஒரு தொழிலாளி காட்டும் அக்கறையில் இருக்கிறது.

அதட்டி வாங்க முடியாதது அந்த அக்கறை.

சுங்கை ரம்பாய், மெர்லிமாவ், ஜாசின் பக்கம் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கீழே இருப்பவர்களுக்குத் தொண்டாற்றித் தலைவர் இந்த அக்கறையைப் பெறுவதை நிர்வாகவியல் 'தொண்டுத் தலைமை' என்கிறது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ராபர்ட் கிரீன்லீஃப், 1970-இல் எழுதிய கட்டுரையில் இதற்குப் பெயர் சூட்டினார். தலைவருக்குக் கீழே இருப்பவர்கள் வளர்கிறார்களா என்பதே அவர் வைத்த சோதனை.

அதற்குப் பத்தாண்டு முன்பே மலாயாத் தமிழர்கள் இதை நடைமுறையில் பார்த்துவிட்டார்கள். 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலையோடு லயத்து வீடும் கைவிட்டுப் போனது. பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் இந்தத் தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து நூலே எழுதினார்.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். அவர் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நீங்களே தோட்டம் வாங்கலாம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் கைக்கு வந்தது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் சேர்ந்தன.

இதை இரக்கச் செயலாக மட்டும் பார்ப்பது தவறு. அன்றாடக் கூலியில் வாழ்ந்தவர்களிடம் மூலதனம் திரட்டுவது வங்கிகளே தயங்கும் வேலை. அது முடிந்ததற்குக் காரணம், கேட்டவர் மீது இருந்த நம்பிக்கை. வெட்டுகிற மரத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று அறிந்தவருக்குப் பட்டையைக் காக்க ஒரு காரணமும் கிடைத்தது. எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் மீட்க முடியவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் 1973-இல் கட்சித் தலைமையை விட்ட பிறகும், 1979-இல் மறையும்வரை சம்பந்தன் சங்கப் பணியைக் கைவிடவில்லை.

இன்று ரப்பர் இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது. கணக்கு மட்டும் மாறவில்லை. வெட்டிய குலை ஆலைக்குப் போகத் தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கும். காய்க் குலையை வெட்டினாலும், உதிர்ந்த பழத்தைப் பொறுக்காமல் விட்டாலும் நட்டம்தான். எந்தப் பாதை மழையில் சேறாகும், எந்த அரிவாள் மழுங்கிவிட்டது என்பதெல்லாம் குலை வெட்டுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். மேலாளர் காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்புமுன் அவர்களிடம் இதைக் கேட்டு, அன்றைக்கே பாதையில் கல் கொட்டி, புது அரிவாள் வாங்கிக் கொடுத்தால், அந்தச் செலவு மாதக் கடைசியில் எடைச் சீட்டிலேயே திரும்பி வரும். பட்டறையோ மளிகைக் கடையோ நடத்துகிறவர்களும் நாளைக் காலையே இப்படித் தொடங்கலாம்.