இலக்கணம் தெரியும், ஆனா எழுத வரலையா?

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புக்குள்ள படிக்கிற தம்பியோ தங்கச்சியோ வீட்டில் இருந்தா, ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுப் பாருங்க. "எழுவாய்னா என்ன?" என்று கேளுங்க. டக்குன்னு பதில் வரும். அடுத்து, "நேத்து ஸ்கூல்ல நடந்ததைப் பத்து வரி எழுது" என்று பேப்பரை நீட்டுங்க. பெரும்பாலும் மூணாவது வரியில் பேனா நின்னுடும்.

இலக்கணத்தை மனப்பாடமாகவும், கட்டுரையை இன்னொரு மனப்பாடமாகவும் நடத்தினா இப்படித்தான் ஆகும். இரண்டையும் இணைக்கிற பாலம் எங்கே இருக்கு? அதுதான் இந்த எபிசோடு.

முதலில் கொஞ்சம் தூரமா போயிட்டு வரலாம். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாம, வீட்டிலேயே படிக்க வைக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய உண்டு. அவங்களுக்காகவே பாடநூல் போடுற பதிப்பகங்களும் இருக்கு. மெனனைட் சபையினர் கென்டக்கியிலிருந்து வெளியிடும் 'ராட் அண்ட் ஸ்டாஃப்' அதில் ஒன்று. இந்தப் புத்தகங்களில் வாக்கியத்தைப் படமாகப் போடச் சொல்வாங்க. ஒரு கோடு, அதன் இடது பக்கம் எழுவாய், வலது பக்கம் பயனிலை, நடுவில் ஒரு குறுக்குக் கோடு. மற்ற சொற்கள் எதைத் தழுவி வருதோ அதன் கீழே தொங்கும். 1877-ல் ரீட், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் தங்கள் பாடநூல் மூலம் பரப்பிய முறை இது. எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய, பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் கேள்வி கேட்டே ஆகணும். யார்? என்ன செய்தார்? எதை?

எழுதுவதற்கும் அந்த வீடுகளில் ஒரு முறை ரொம்பப் பிரபலம். ஒரு சின்னப் பத்தியைப் படி. வாக்கியத்துக்கு மூணு சொல் மட்டும் குறிச்சுக்கோ. புத்தகத்தை மூடு. அந்தச் சொற்களை வெச்சு உன் வாக்கியத்தில் எழுது. அவ்வளவுதான்.

நம்ம ஊரில் இது புதுசா?

இல்லை. கேள்வி கேட்டு இலக்கணம் சொல்லித்தரும் முறை இங்கே ரொம்ப நாளா இருக்கு. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு.போப், 1839-ல் மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் தமிழ் இலக்கணத்தை வினாவிடையாக எழுதினார். சபைகளில் ஞானோபதேசம் சொல்லித்தர ஏற்கெனவே பழகியிருந்த வடிவம் அது.

இதே வடிவத்தை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் கையில் எடுத்தார். நாவலர், பீட்டர் பெர்சிவல் என்ற மிஷனரியுடன் சேர்ந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். பிறகு 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்காகத் தனிப் பள்ளி தொடங்கினார். பாலபாடம், இலக்கணச் சுருக்கம், சைவ வினாவிடை என்று வரிசையாக எழுதினார். மிஷன் கல்வியின் கருவிகளையே எடுத்து, மிஷனுக்கு எதிர்ப்பக்கம் நின்று பயன்படுத்தினார்.

இந்த முறையில் ஒரு ஆபத்தும் இருக்கு. கேள்வியும் பதிலும் அச்சில் இருந்தா, பிள்ளை பதிலை மட்டும் ஒப்பிக்கும். எழுவாய் என்றால் என்ன என்பதற்குப் பதில் வரும், எழுத்து வராது. கேள்வியைப் பிள்ளையே கேட்கணும். அதுவும் தன் வாக்கியத்தைப் பார்த்துக் கேட்கணும்.

திருத்தணியில் ஒரு பாடம்

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்றும் அங்கே பல வீடுகளில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை "அக்கா வந்தது" என்று எழுதினால் உடனே சிவப்பு மையில் அடிக்காதீங்க. தெலுங்கில் "அவள் வந்தாள்", "அது வந்தது" இரண்டுக்கும் வினைமுற்று ஒன்றுதான்: 'வச்சிந்தி'. அந்தப் பிள்ளை தப்பா யோசிக்கலை; இன்னொரு மொழியின் இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றுது. "வந்தது யாரு?" என்று ஒரு கேள்வி போதும். "அக்கா" என்று பதில் வந்ததும், "அப்போ வந்தாள், இல்லேன்னா வந்தார்" என்று அதுவே திருத்திக்கும். அக்கா வந்துச்சு என்று பேசும் நம்ம சென்னைப் பிள்ளைகளுக்கும் இதே மருந்துதான்.

அடுத்து ஒரு வாக்கியம்: "மாமா காவடி தூக்கினார்." தூக்கியது யார்? மாமா, எழுவாய். என்ன செய்தார்? தூக்கினார், பயனிலை. எதைத் தூக்கினார்? காவடியை. பார்த்தீங்களா, ஒளிஞ்சிருந்த 'ஐ' வெளியே வந்துடுச்சு. அது வெளிப்படும்போது எழுத்தில் 'காவடியைத் தூக்கினார்' என்று 'த்' சேரும். ஒளிஞ்சிருந்தா 'காவடி தூக்கினார்' தான், 'த்' வராது. சந்திப்பிழைக்குப் பெரிய பட்டியலை மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி, இந்த ஒரு கேள்வியைப் பழக்கலாம்.

இனி கேள்வியை நீட்டுங்க. எப்போது? எங்கே? ஏன்? "ஆடிக் கிருத்திகை அன்று, தம்பிக்கு உடம்பு தேறியதற்காக, மாமா திருத்தணி மலைக்குக் காவடி தூக்கினார்." இலக்கணப் பாடம் இங்கேயே கட்டுரையாக மாறத் தொடங்குது.

மூணு சொல் முறையையும் சேர்க்கலாம். "திருத்தணி மலைக் கோயிலுக்கு 365 படிகள். டிசம்பர் 31 அன்று படிகளுக்குப் பூஜை நடக்கும்." குறிப்பு: மலை, 365, படி. டிசம்பர், படி, பூஜை. இதை வெச்சு ஒரு பிள்ளை, "வருஷக் கடைசியில் எங்க ஊரில் படிக்கட்டுக்கே பூஜை போடுவாங்க" என்று எழுதினா, அது அந்தப் பிள்ளையின் சொந்த வாக்கியம்.

மதம் வந்தா என்ன செய்யறது?

இந்தப் பாடநூல்களில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பல பைபிளிலிருந்தும் கிறிஸ்தவ வாழ்க்கையிலிருந்தும் வரும். எடுத்துக்கலாமா, கூடாதா என்று தயங்குறவங்க, திருத்தணிப் பையன் ஒருவரை நினைச்சுப் பார்க்கலாம். 1888-ல் பிறந்த ராதாகிருஷ்ணன், திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் ஊரீஸ் கல்லூரியிலும், பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். இந்து சமயத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று மிஷனரிகள் வைத்த விமர்சனம் அவரை உறுத்தியது. அதற்குப் பதிலாக, வேதாந்தத்தின் அறநெறி பற்றி 1908-ல் எம்.ஏ. ஆய்வுரை எழுதினார். அதைப் பாராட்டியவர்களில் ஒருவர் ஏ.ஜி.ஹாக், அதே கல்லூரியில் பாடம் நடத்திய மிஷனரி.

வாக்கியத்தைக் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை, ஒருநாள் பாடத்தையும் கேள்வி கேட்கும். அதை எழுத்திலும் வைக்கும். நல்ல ஆசிரியர் அதற்குப் பயப்பட மாட்டார். அதனால முறையை எடுத்துக்கோங்க. வாக்கியங்களை உங்க தெருவிலிருந்து, உங்க பிள்ளையின் வாயிலிருந்தே எடுங்க.

இந்த வாரம் தினமும் ஒரே ஒரு வாக்கியம். யார், என்ன செய்தார், எதை, எப்போது, ஏன். கேள்வியை நீங்க கேட்காதீங்க, பிள்ளையைக் கேட்க விடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.