விவாதத்திற்கு ஆயத்தமாதல்: சேவை மூப்பா, விமான வகையா?

மாணவர்களே, "விமானிகளுக்குச் சேவைக்காலத்தைக் கொண்டே வேதனம் வழங்க வேண்டும்" என்பது உங்கள் விவாதத் தலைப்பு எனக் கொள்வோம். இது நமக்கு எட்டாத விடயம் என விட்டுவிட வேண்டாம். கட்டைபறிச்சானிலும் இதை ஒத்த இரு முறைகளைக் காணலாம். இங்குள்ள சிறிய பாடசாலையின் ஆசிரியரும் திருகோணமலை நகரின் பெரிய பாடசாலையின் ஆசிரியரும் ஒரே தரமும் ஒரே சேவைக்காலமும் உடையவராயின், அடிப்படைச் சம்பளம் ஒன்றே. கடற்றொழிலாளிக்கோ செலவு போக எஞ்சியதில் பங்கு. பெரிய வள்ளத்திற்கு மீன்பாடு கூடினால் அவரது பங்கும் கூடும்.

விமான வகை முறை இந்த இரண்டாவதை ஒத்தது. எயார்பஸ் 320 ஏறத்தாழ 180 பேரை ஏற்றும். போயிங் 777 அதன் இரு மடங்களவு ஏற்றும். பெரிய விமானம் கூடிய வருமானம் தருவதால் அதன் விமானிக்கும் கூடிய வேதனம் தேவை என்பர் இதனை ஆதரிப்போர்.

எதிரணியின் வலுவான வாதம் வேறொன்று. சிறிய விமானத்தின் விமானி ஒரே நாளில் நான்கு தடவை தரையிறக்குவார். நெடுந்தூர விமானி ஒரு தடவைதான். கவனம் மிக வேண்டிய வேளைகள் மேலெழுதலும் தரையிறங்கலுமே அல்லவா? அத்துடன், வேதனத்திற்காக விமானம் மாறும் ஒவ்வொருவருக்கும் வாரக்கணக்கில் புதிய பயிற்சி வேண்டும். அவர் விட்ட இடத்திற்கு வருபவருக்கும் பயிற்சி, அவருடைய இடத்திற்கு வருபவருக்கும் பயிற்சி. அமெரிக்காவின் யூ.பீ.எஸ். சரக்கு விமான நிறுவனம் எவ்வகை விமானமாயினும் பதவியையும் சேவைக்காலத்தையும் கொண்டே வேதனவீதத்தைத் தீர்மானிக்கிறது.

இனி ஓர் உண்மைச் சம்பவம். இதை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். 2007இல் எயார் இந்தியாவும் இந்தியன் எயார்லைன்சும் ஒன்றாக இணைக்கப்பட்டன. முன்னையது பெரிய போயிங் விமானங்களையும், பின்னையது பெரும்பாலும் சிறிய எயார்பஸ் விமானங்களையும் செலுத்தி வந்தது. இணைந்த பின்பும் வேதனம் வேறுபட்டதால், சம வேதனம் கோரி இந்தியன் எயார்லைன்ஸ் பிரிவின் விமானிகள் 2011 ஏப்ரல் இறுதியில் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினர். 2012 மேயில் மற்றப் பிரிவினர் தொடங்கிய பகிஷ்கரிப்பு 58 நாள் நீடித்தது. இம்முறை பிரச்சினை வேதனவீதம் அன்று. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்திற்கான பயிற்சியை இந்தியன் எயார்லைன்ஸ் விமானிகளுக்கும் வழங்கினால் தமது பதவி உயர்வு பின்தள்ளப்படும் என அவர்கள் அஞ்சினர்.

இங்குதான் பல பேச்சாளர்கள் தவறவிடும் கருத்து உள்ளது. பெரிய விமானத்திற்குக் கூடிய வேதனம் என்றவுடன், அதில் முதலில் ஏறுவது யார் என்ற கேள்வி எழுகிறது. பல நிறுவனங்களில் அதைத் தீர்ப்பதும் சேவை மூப்புப் பட்டியலே. ஆகவே விமான வகை முறையிலும் மூப்பு மறைவதில்லை. சம்பளப் பட்டியலிலிருந்து வரிசைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. எந்த அணியில் இருந்தாலும் இதைச் சொல்பவருக்குப் புள்ளி கிடைக்கும்.

பயிற்சி: "சம வேலைக்குச் சம வேதனம்" என எதிரணி கூறினால், விமானியின் வேலையை எதனால் அளப்பீர்கள்? மணித்தியாலமா, பயணிகளின் தொகையா, தரையிறக்கங்களின் தொகையா? ஒன்றைத் தெரிந்து, மூன்று நிமிட உரை எழுதுக.