கைவிட்ட காணியில் காடு திரும்பியது

தம்புள்ளையிலிருந்து கண்டலம செல்லும் வீதியோரத்தில் ஒரு சிறு காடு உண்டு. முதிரை, பாலை, வீரை, கருங்காலி என்று எமது உலர்வலய மரங்கள் அங்கே ஓங்கி நிற்கின்றன. மான்கள் அதன் நிழலில் ஒதுங்குகின்றன. இரவானால் தேவாங்கு கிளைக்குக் கிளை மெல்ல நகர்ந்து பூச்சி தேடும். மாரியில் இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறித் திரியும்.

இது வழிவழியாக வந்த காடு அல்ல. சேனைப் பயிர் செய்து, வளம் குன்றி, கைவிடப்பட்டு முட்பற்றையாகிப் போன நிலம். தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த சாம் பொப்பம் என்ற ஆங்கிலேயர் 1963ஆம் ஆண்டில் இதை வாங்கினார். முதலில் கன்றுகள் நட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை பிழைக்கவில்லை. ஆனால் பற்றைக்குள்ளே, யாரும் நடாத நாட்டு மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து நிற்பதை அவர் கண்டார். அதன்பின் நடுவதை விட்டு, கன்றுகளை நெருக்கிய முட்செடிகளையும் கொடிகளையும் மாத்திரம் வெட்டி அகற்றினார். வெளிச்சமும் ஈரமும் கிடைத்ததும் கன்றுகள் நிமிர்ந்தன. மரங்கள் வளர, பறவைகளும் விலங்குகளும் வந்தன. பழம் தின்ற பறவைகள் புதிய விதைகளைக் கொண்டு வந்தன. பின்னர் கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இதைப் பொறுப்பேற்று, ஆய்வுக்குரிய மரச்சோலையாகப் பேணி வருகிறது.

இதை நாம் இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. போர் 2009இல் முடிந்த பின்னரும் தமது காணிக்குத் திரும்பக் காத்திருக்கும் குடும்பங்கள் உள்ளன. திரும்பியோர் பலர் கண்டதும் வயலையும் வளவையும் மூடிய பற்றையைத்தான். உழுது விதைக்க வேண்டிய இடத்தை வெளியாக்கத்தான் வேண்டும். ஆனால் காணி முழுவதையும் டோசர் விட்டுத் தள்ளினால், அல்லது தீ வைத்தால், பல ஆண்டுகளாக வேர்பிடித்து நிற்கும் முதிரையும் பாலையும் பற்றையோடு சேர்ந்து அழிந்துபோகும்.

கண்ணிவெடி அகற்றப்பட்டது என்ற உறுதி கிடைத்த பின்னரே காணிக்குள் இறங்குங்கள். கத்தி எடுக்குமுன் ஒருமுறை நடந்து பாருங்கள். இலையைப் பார்த்தே மரத்தைச் சொல்லும் முதியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். வேலியோரத்திலும் குளக்கட்டின் கீழும் காணும் நல்ல கன்றுகளில் ஒரு துண்டுத் துணியைக் கட்டி அடையாளமிடுங்கள். அவற்றை விட்டு, சுற்றியுள்ள முள்ளை மாத்திரம் வெட்டுங்கள். செலவு ஒன்றுமில்லை. நிழலும் விறகும் வேலிக்கம்பும் அந்தக் கன்றுகளிலிருந்தே வரும்.