பெயரளவுக் கூலியும் மெய்க்கூலியும்

பதுளையிலும் கொழும்பிலும் ஒரே தரத்தில், ஒரே சேவைக்காலத்துடன் பணியாற்றும் இரு பொலிஸ் உத்தியோகத்தர்களின் அடிப்படைச் சம்பளம் சமமாகும். இலங்கைப் பொலிஸ் சேவை நாடு முழுவதற்கும் ஒன்றே என்பதே காரணம். எனினும், வாடகை கூடிய இடத்தில் வசிப்பவரிடம் செலவு போக மிஞ்சுவது குறைவு.

பெயரளவுக் கூலி: உழைப்புக்காகப் பெறும் பணத்தொகை.
மெய்க்கூலி: அப்பணத்தால் வாங்கக்கூடிய பொருள்கள், சேவைகளின் அளவு.

மெய்க்கூலி இடத்தால் மட்டுமன்றிக் காலத்தாலும் மாறும். பசறை, அப்புத்தளைத் தோட்டங்களை உதாரணமாகக் கொள்வோம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்கூலி 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டெம்பரிலும் அது 1,000 ரூபாவே. ஆனால், தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வோராண்டில் விலைகள் 73.7% உயர்ந்தன.

மெய்க்கூலி = 1,000 ÷ 1.737 = 576 ரூபா (அண்ணளவாக)

அதாவது, ஒரு முழுப்பேருக்குக் கிடைத்த 1,000 ரூபாவால், முந்திய ஆண்டில் 576 ரூபாவுக்கு வாங்கியவற்றையே வாங்க முடிந்தது. கூலி குறைக்கப்படவில்லை, ஆயினும் அடுப்படிக்கு வந்த பொருள் குறைந்தது.

பயிற்சி: 2024 செப்டெம்பரில் நாட்கூலி 1,350 ரூபாவாயிற்று. விலைமட்டம் 2022 செப்டெம்பரில் இருந்தவாறே இருந்ததெனக் கொண்டு மெய்க்கூலியைக் காண்க. (விடை: ஏறத்தாழ 777 ரூபா)

கவனிக்குக: "கூலி உயர்ந்தது" என விடை எழுதுமுன், விலை எவ்வளவு உயர்ந்தது எனப் பாருங்கள்.