தினமும் ஓட்ட ஒரு பழைய கார்: பார்த்து வாங்கும் முறை

வேலைக்குப் போய்வர வாங்கும் பழைய காருக்கு மூன்று வகையில் பணம் போகிறது. வாங்கும்போது கொடுக்கும் விலை ஒன்று. மாதாமாதம் போடும் பெட்ரோல் இன்னொன்று. மெக்கானிக்குக்கும் உதிரிபாகங்களுக்கும் ஆகும் செலவு மூன்றாவது. பெரும்பாலோர் முதலாவதில்தான் கண்ணாக இருக்கிறார்கள். ஐந்து வருடம் ஓட்டிவிட்டுக் கணக்குப் போட்டால், கார் கட்டுப்படியானதா இல்லையா என்பதை மற்ற இரண்டும்தான் முடிவு செய்திருக்கும். விலை குறைந்த கார் வேறு, செலவு குறைந்த கார் வேறு. தேட வேண்டியது இரண்டாவதை.

ஓட்டமும் எரிபொருளும்

தேடலைத் தொடங்க வேண்டிய இடம் தினசரி ஓட்டம். போக 20, வர 20 என்று ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், மாதத்துக்கு 25 நாள் என்றால் மாதம் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு ஏறக்குறைய 67 லிட்டரும், 20 கொடுக்கும் காருக்கு 50 லிட்டரும் தேவை. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,700 ரூபாய் வித்தியாசம். வருடத்துக்கு 20,000, ஐந்து வருடத்துக்கு ஒரு லட்சம். பேரம் பேசி 30,000 ரூபாய் குறைத்து வாங்கிய பெரிய கார், அந்த லாபத்தை இரண்டு வருடத்துக்குள் பெட்ரோல் பங்கிலேயே கொடுத்துவிடும்.

கம்பெனி விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ் சோதனைக்கூடத்தில் கிடைப்பது. சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும் நகர ஓட்டத்தில் அது கணிசமாகக் குறையும். அதே மாடலை அதே ஊரில் ஓட்டுபவரிடம் விசாரிப்பதே நம்பத்தகுந்த வழி.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெட்ரோல் காரே போதும். டீசல் காரில் மைலேஜ் கூடுதல் என்றாலும் இன்ஜெக்டர், டர்போ போன்ற பாகங்கள் பழுதானால் செலவு பெரிது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்த பிறகு தயாரான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாக நெரிசலில் மட்டும் ஓடும் காரில் அது அடைத்துக்கொள்ளும்.

டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு வந்ததால், அங்கிருந்து வரும் கார்கள் மலிவாகக் கிடைப்பதுண்டு. அவற்றுக்கு அந்த மாநிலத்தின் என்.ஓ.சி., தமிழ்நாட்டில் மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் விலையை மதிப்பிட வேண்டும். சி.என்.ஜி. பொருத்திய காராக இருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா, மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சிலிண்டர் சோதனைக்குச் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்தக் கார், எத்தனை வயது

ஊரிலுள்ள எந்த மெக்கானிக்குக்கும் பழக்கமான, உதிரிபாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கிற கார்தான் தினசரி ஓட்டத்துக்கு ஏற்றது. மாருதியின் வேகன் ஆர், செலேரியோ, ஸ்விஃப்ட், ஹூண்டாயின் கிராண்ட் ஐ10 போன்ற சிறிய கார்கள் பழைய கார் சந்தையில் விலை இறங்காமல் நிற்பதற்குக் காரணம் இதுவே. ஷெவர்லே 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு, இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. அவற்றின் கார்கள் ஓட்டத்துக்கு உறுதியானவை, விலையும் குறைவு. ஆனால் ஒரு பாகத்துக்காகக் காரைப் பல நாள் நிறுத்தி வைக்க நேர்ந்தால், தினமும் அதை நம்பியிருப்பவருக்கு அந்த மலிவு பயன்படாது.

புதிய கார் முதல் மூன்று வருடங்களில்தான் வேகமாக மதிப்பிழக்கிறது. அந்த இழப்பை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்ட பிறகு, நான்கிலிருந்து ஏழு வயதுக்குள் இருக்கும் காரை வாங்குவது பெரும்பாலோருக்கு நல்ல இடைவழி. பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 12 வயதுக் காரை வாங்குபவருக்கு அந்தச் செலவு மூன்றே வருடத்தில் வந்து நிற்கும்.

பாதுகாப்பும் வயதோடு சேர்ந்தது. ஏ.பி.எஸ். பிரேக்கும், ஓட்டுநருக்கான ஏர்பேக்கும் 2019-இல்தான் எல்லா புதிய கார்களுக்கும் கட்டாயமாயின. முன்னிருக்கையில் இருக்கும் மற்றவருக்கான ஏர்பேக் அதற்குப் பின்னரே கட்டாயமானது. 2022-க்குப் பிறகு தயாரான சிறிய காரில் இவை மூன்றும் இருக்கும். அதற்கு முந்தைய காரில், குறிப்பாக ஆரம்ப விலை மாடலில், இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தினமும் சாலைக்குப் போகிற காருக்கு இது ஆடம்பரமல்ல.

2025 செப்டம்பரில் சிறிய புதிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதனால் பழைய காருக்குச் சொல்லப்படும் விலையை, அதே மாடலின் இன்றைய புதிய விலையோடு ஒப்பிட்டே பேச வேண்டும். மூன்று வருடக் காருக்கும் புதிய காருக்கும் இடைவெளி குறைவாக இருந்தால், பழைய காருக்கு வங்கிகள் கூடுதல் வட்டி வாங்குவதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

காரின் வரலாறு

இரண்டு கார்கள் ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிறமாக இருந்தாலும் ஒன்று நல்லதாகவும் மற்றது வம்பாகவும் இருப்பது அவை ஓடிய விதத்தால். எத்தனையாவது ஓனர், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்கே சர்வீஸ் செய்தார்கள், எப்போதாவது அடிபட்டதா என்பவை மாடலைவிட முக்கியமானவை.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைத் திருத்துவது இன்று கடினமான வேலை இல்லை. ஆகவே மீட்டரை மட்டும் நம்பக்கூடாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டு வந்த கார் என்றால், ஒவ்வொரு சர்வீஸின்போதும் இருந்த கிலோமீட்டர் அங்கே பதிவாகியிருக்கும். உரிமையாளர் கேட்டால் அந்தப் பட்டியலைப் பெறலாம். காரும் தன் ஓட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். மீட்டர் 35,000 காட்டுகிறது, ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் அமுங்கிக் கிடக்கிறது என்றால் இரண்டும் பொருந்தவில்லை.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் தயாரான டயர். 2019-இல் வாங்கிய காரில் 2022-ஆம் வருட டயர்கள் இருந்தால் முதல் நான்கு டயரும் தேய்ந்து மாற்றப்பட்டுவிட்டன என்று பொருள். நல்ல டயர் 40,000 கிலோமீட்டர் அளவுக்கு உழைக்கும் என்பதால், அந்தக் கார் 25,000 மட்டுமே ஓடியது என்று சொன்னால் காரணம் கேட்க வேண்டும்.

வாடகைக்கு ஓடிய மஞ்சள் போர்டு கார்கள் சில, வெள்ளை போர்டுக்கு மாற்றப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. அவை சில வருடங்களிலேயே லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கலாம்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியும் ஒரு சாட்சி. விபத்துக்காகப் பணம் கேட்காத ஒவ்வொரு வருடத்துக்கும் பிரீமியத்தில் தள்ளுபடி ஏறிக்கொண்டே போய் 50 சதவீதத்தில் நிற்கும். ஒரே உரிமையாளரிடம் ஆறு வருடம் இருந்த காரின் பாலிசியில் இந்தத் தள்ளுபடி பூஜ்யமாக இருந்தால், சமீபத்தில் ஏதோ பெரிய வேலை நடந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

பார்க்கும் முறை

காரைப் பகல் வெளிச்சத்தில், உலர்ந்த நிலையில் பார்ப்பதே சரி. அடிபட்டு டிங்கரிங் செய்த இடத்தைப் பெயின்ட் மறைத்துவிடும், கதவின் ரப்பர் பீடிங் மறைக்காது. அதைக் கையால் இழுத்தால் உள்ளே தகட்டின் விளிம்பு தெரியும். கம்பெனியில் இயந்திரம் வைத்த வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் சிறு வட்டங்களாக இருக்கும். அவை காணாமல் போய்ப் பட்டி பூசி மழுங்கியிருந்தால் அந்தப் பகுதி வெட்டி ஒட்டப்பட்டது. பானெட்டையும் முன்பக்க மட்கார்டுகளையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் அவை கழற்றி மாட்டப்பட்டவை. பம்பரில் கீறல் விழுந்து பெயின்ட் அடித்த காரை ஒதுக்க வேண்டியதில்லை. சேஸிஸ் வரை அடிபட்ட காரைத் தொடவே கூடாது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய கார்கள் சரிசெய்யப்பட்டு வெளியூர்ச் சந்தைக்கும் போகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் மண் கறை தெரியும். இருக்கைக்குக் கீழே தண்டவாளம் போலிருக்கும் இரும்பில் துரு, தரை விரிப்புக்கு அடியில் வண்டல், ஸ்டெப்னி வைக்கும் குழியில் சேறு ஆகியவையும் அடையாளங்கள். நீர் புகுந்த மின்கம்பிகள் பல மாதம் கழித்தும் கோளாறு கொடுக்கும் என்பதால் இத்தகைய கார் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்வது அவசியம். வாங்க வருபவர் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சில கோளாறுகள் தெரியாது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போலப் படிந்திருந்தால் ஆயிலோடு நீர் கலக்கிறது என்ற சந்தேகம் எழ வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். தினசரி போகும் பாதையைப் போன்ற சாலை, ஒரு மேம்பாலம், கொஞ்சம் குழி, கொஞ்சம் நெரிசல் எல்லாம் அதில் அடங்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கிறதா, குழியில் இறங்கும்போது சஸ்பென்ஷன் தட்டுகிறதா, சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. குளிர் குறைகிறதா என்று கவனிக்கலாம். அதன் பிறகு தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஜாக்கியில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்ப்பது நல்லது. கடலோர ஊர்களில் ஓடிய காருக்கு அடியில் துரு பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலி, இந்த வியாபாரத்திலேயே மிகப் பயனுள்ள செலவு.

கையிலிருக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது விலைக்குப் போகாமல் நிறுத்தி வைக்க வேண்டும். ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், பேட்டரி, சில சமயம் டயர் என்று வாங்கிய முதல் மாதத்திலேயே செலவு வரும்.

பத்திரங்கள்

ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் காரில் பொறித்த எண்களோடு ஒத்துப்போக வேண்டும். பரிவாஹன் இணையதளத்தில் ஓனர் எண்ணிக்கை, இன்சூரன்ஸ் காலம், கடன் விவரம் ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். அபராத சலான் பாக்கி இருந்தால் விற்பவர் அதைக் கட்டி முடித்திருக்க வேண்டும். கார் வங்கிக் கடனில் வாங்கியதாக இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35-உம் இல்லாமல் பணம் கொடுக்கக்கூடாது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம் தேவை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. எனவே இது இரு தரப்புக்கும் அவசியம். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் விட்டால், தன் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு அவரால் பணம் பெற முடியாமல் போகலாம். பழைய உரிமையாளரின் தள்ளுபடி காரோடு வராது. அது அவரைச் சேர்ந்தது.

சர்வீஸ் விவரத்தைக் காட்ட மறுப்பவரிடமும், மெக்கானிக் பார்க்கச் சம்மதிக்காதவரிடமும், பத்திரத்தைப் பிறகு தருகிறேன் என்று அட்வான்ஸுக்கு அவசரப்படுத்துபவரிடமும் எந்த விலைக்கும் கார் வாங்க வேண்டாம். பழைய கார் சந்தையில் கார்களுக்குப் பஞ்சமில்லை. அடுத்த காரைப் பார்க்கச் செலவாகும் ஒரு வாரம், தவறான காரோடு கழியும் ஐந்து வருடத்தைவிட மலிவானது.