கரும்பின் குருத்து வெளுப்பும் இரும்புச் செலேட் மருந்துகளும்

சுண்ணாம்புப் பாங்கான நிலங்களில், கட்டைக் கரும்பின் குருத்திலைகள் நரம்புகள் மாத்திரம் பசுமையாய் நிற்க, இடைப்பாகம் வெளுத்து, முற்றிய நிலையில் அடியோடு வெண்மையாகிவிடுவதைக் குடியானவர்கள் பலரும் கண்டிருப்பார்கள். இது இரும்புச் சத்துக் குறைவினால் நேருவது. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை; சுண்ணாம்பு மிகுந்தவிடத்து அது கரையாத துருவாகிவிடுவதால் வேருக்கு எட்டுவதில்லை. அன்னபேதியை மண்ணில் இட்டாலும் சில தினங்களில் அதுவும் துருவாகிவிடும்.

இதற்கென்று விற்கப்படும் செலேட் மருந்துகளின் தன்மையை அறிந்தே வாங்குதல் அவசியம். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1920-இல் இப்பெயர் ஆக்கப்பட்டது. அமோனியாவை எத்திலீன் டைகுளோரைடுடன் சேர்த்து வினைப்படுத்தினால் எத்திலீன் டையமின் முதலிய பொருள்கள் உண்டாகும். இவற்றிலுள்ள ஒவ்வொரு நைட்ரஜனும் உலோகத்தைப் பற்றக்கூடியது. 1935-இல் ஜெர்மனியில் பெர்டினாண்டு மூன்ஸ் என்பவர் இந்த டையமினுடன் குளோரோ அசிட்டிக் அமிலத்தைக் கூட்டி இ.டி.டி.ஏ. என்பதைத் தயாரித்தார். அதில் 2 நைட்ரஜனும் 4 ஆக்ஸிஜனுமாக 6 பிடிகள் உண்டு. இவை ஆறும் இரும்பைச் சூழ்ந்து கவ்விக்கொள்வதால் அது துருவாகாமல் நீரில் கரைந்தே நிற்கிறது. 1952-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஸ்டூவர்ட், லெனார்டு என்ற இருவர், வெளுத்த எலுமிச்சை இன மரங்கள் இதனால் பசுமையடைந்ததை வெளியிட்டார்கள்.

ஆனால் அது புளிப்பு மணல் நிலம். இதை மறந்து, சில வருஷங்களுக்கு முன் ஓடைக்கல் நிறைந்த ஒரு தோட்டத்தில் இரும்பு இ.டி.டி.ஏ.வை மண்ணில் இடும்படி நானே யோசனை கூறினேன். இருபது நாட்களாகியும் குருத்து வெளுப்பாகவே இருந்தது. "பணம் போனது போகட்டும், இரும்பு எங்கே போயிற்றுங்க?" என்று தோட்டக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி.

மண்ணின் காரத்தைக் காட்டும் பி.எச். எண் ஏறக்குறைய 6.5-க்கு மேற்பட்டால் இ.டி.டி.ஏ. இரும்பை நழுவவிட்டு, அவ்விடத்தில் சுண்ணாம்பைப் பற்றிக்கொள்கிறது. நழுவிய இரும்பு துருவாகிறது. மூன்று நைட்ரஜன் கொண்ட டி.டி.பி.ஏ. சுமார் 7.5 வரையில் தாங்கும். இ.டி.டி.எச்.ஏ. என்பதோ 9 வரையிலும் இரும்பை விடுவதில்லை. பெயரில் ஓரெழுத்தே வித்தியாசமாதலால் கடையில் சீட்டை நிதானமாய்ப் படித்து வாங்குக. செம்பழுப்பான பொடி இது, விலையும் அதிகம்.

வாங்குமுன் ஒரு பிடி மண்ணில் சிறிது அமிலத்தை விட்டுப் பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிலம். அங்கு மண்ணிலிட இ.டி.டி.ஏ. இரும்பு வேண்டாம்.

சிக்கனம் விரும்புவோர், லிட்டர் நீருக்கு 10 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். சிட்ரிக் அமிலமும் சிறிய அளவில் ஒரு கொடுக்கே. தெளித்த இலையிலிருந்து இரும்பு புதுக்குருத்துக்கு அதிகம் நகராதாகையால் பத்துப் பதினைந்து நாட்களுக்கொருமுறை மறுபடியும் தெளிக்க நேரும். அன்னபேதி இளம்பச்சை நிறமாயிருத்தல் வேண்டும். மஞ்சள் பூத்துப்போனது உதவாது.