கையில் ஃபோன் இருந்தும் ஹால் டிவி ஏன் அணையவில்லை?

கையில் ஆறரை அங்குல ஸ்மார்ட்ஃபோன். அதில் நான்கைந்து ஓடிடி செயலிகள். போதாததற்கு யூடியூப். இருந்தும் தமிழ்நாட்டில் இரவு 7 மணிக்கு மேல் எந்தத் தெருவில் நடந்தாலும் சீரியலின் டைட்டில் பாட்டு வீட்டுக்கு வீடு காதில் விழுகிறது. "டிவியெல்லாம் இப்போ யாருங்க பாக்குறாங்க?" என்று கேட்பவர் வீட்டு ஹாலிலும் ஒரு டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

டிவி இணைப்புகள் குறைந்து வருவது உண்மைதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிடும் கணக்குப்படி, 2020 இறுதியில் 7 கோடியைத் தாண்டியிருந்த கட்டண டிடிஎச் இணைப்புகள் 2024-ல் 6 கோடி அளவுக்கு இறங்கிவிட்டன. ஆனால் கேபிள் வீடுகளும், மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இத்தனை பேர் டிவி பெட்டியை விடாமல் வைத்திருப்பது ஏன்? வெறும் பழக்கதோஷமா? இல்லை, அதற்கு மேலும் காரணங்கள் இருக்கின்றன.

டிவி எப்படி எல்லா வீட்டுக்கும் வந்தது?

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அப்போது டிவி வசதியானவர்கள் வீட்டுப் பொருள். தெருவில் ஒரு வீட்டில் டிவி இருந்தால், ஞாயிற்றுக்கிழமை படத்துக்குத் தெருவே அங்கே உட்கார்ந்திருக்கும். 80-களில் தென் மாவட்டக் கடலோர ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, இலங்கையின் ரூபவாகினியைப் பிடித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1993-ல் சன் டிவி வந்த பிறகு தனியார் சேனல்களும் கேபிளும் வேகமாகப் பரவின.

பெரிய திருப்பம் 2006-ல் வந்தது. அன்றைய திமுக அரசு 14 அங்குல கலர் டிவியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2011 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தது. அடுத்து வந்த அதிமுக அரசு அதை நிறுத்திவிட்டு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. கூடவே அரசு கேபிள் மூலம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தது. பெட்டி இலவசம், இணைப்பு 70 ரூபாய். கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் டிவி இருப்பது சாதாரணமானது இப்படித்தான்.

ஒரு மணி நேரத்துக்கு என்ன செலவு?

ஒரு வீட்டில் கேபிளுக்கு மாதம் 250 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 5 மணி நேரம் டிவி ஓடினால் மாதம் 150 மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 1 ரூபாய் 70 பைசா வருகிறது. அதையும் நான்கு பேர் சேர்ந்து பார்க்கிறார்கள்.

இதையே மொபைல் டேட்டாவில் பார்த்தால் என்ன ஆகும்? நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்லும் அளவு இது: சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி, எச்டி தரத்தில் 3 ஜிபி வரை செலவாகும். தினம் 2 ஜிபி தரும் ரீசார்ஜில் இரண்டு மணி நேரம் பார்த்தாலே அன்றைய டேட்டா காலி. அதுவும் ஒருவர் மட்டும் பார்த்தால்! டேட்டா சிக்கனமாக ஆகும்படி செட்டிங்கை மாற்றலாம். ஆனால் படத்தின் தெளிவு போய்விடும். வீட்டில் பிராட்பேண்ட் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அவர்களும் இணையத்துக்கு ஒரு பில், ஒவ்வொரு ஓடிடிக்கும் தனித்தனியாக ஒரு சந்தா என்று கட்ட வேண்டியிருக்கிறது.

திரையின் அளவையும் பாருங்கள். ஆறரை அங்குல ஃபோனில் தெரியும் வீடியோவைவிட 32 அங்குல டிவியில் தெரியும் படம் பரப்பளவில் 30 மடங்குக்கு மேல் பெரியது. கண்ணாடி போட்ட தாத்தாவுக்கு எது வசதி என்று சொல்லவே வேண்டாம்.

தேடும் வேலை இல்லை

ஓடிடியைத் திறந்தால் முதல் வேலை தேடுவது. எதைப் பார்க்கலாம் என்று புரட்டியே 20 நிமிடம் போய், கடைசியில் எதையும் பார்க்காமல் தூங்கப் போன அனுபவம் பலருக்கும் இருக்கும். டிவியில் அந்த வேலையைச் சேனல்காரர் செய்து வைத்திருக்கிறார். ரிமோட்டில் ஒரு பட்டன் அழுத்தினால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பாதியில் போய் உட்காரலாம், பாதியில் எழுந்து போகலாம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே காதால் கேட்டும் கதையைப் பிடித்துக்கொள்ளலாம்.

பல வீடுகளில் டிவிதான் கடிகாரமும்கூட. "இந்த சீரியல் முடிஞ்சதும் தோசை ஊத்துறேன்", "நியூஸ் வந்துடுச்சு, மாத்திரையப் போடுங்க" என்று வீட்டு வேலைகள் நிகழ்ச்சி நேரத்தோடு பின்னிக் கிடக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற ஓடிடியின் பெரிய வசதி, இந்த வீடுகளுக்கு அவ்வளவு பெரிய வசதியாகத் தெரிவதில்லை.

விக்கெட் முதலில் யாருக்குத் தெரியும்?

ஐபிஎல் மேட்சை ஃபோனில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பவுலர் இன்னும் ஓடிவரக்கூட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டில் "ஓ..." என்று சத்தம். சரி, விக்கெட் போச்சு. இது ஏன்?

டிவி ஒளிபரப்பில் ஒரே சிக்னல் செயற்கைக்கோள் வழியாக எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இறங்குகிறது. செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் இருந்தாலும் சிக்னல் மேலே போய்த் திரும்ப கால் நொடிதான் ஆகும். படத்தைச் சுருக்கி அனுப்பவும் பெட்டியில் விரிக்கவும் இன்னும் சில நொடிகள். அவ்வளவுதான்.

இணையத்தில் வேலை வேறு மாதிரி. நேரலை வீடியோவைச் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனியாக அனுப்புகிறார்கள். நடுவில் நின்றுவிடாமல் இருக்க, செயலி சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். இந்தத் தாமதம் சில நேரம் அரை நிமிடம் வரைகூடப் போகும். இன்னொரு வேறுபாடும் உண்டு. டிவி சிக்னலைப் பத்து பேர் பார்த்தாலும் பத்து கோடி பேர் பார்த்தாலும் அதன் தரம் மாறாது. இணையத்தில் ஆள் சேரச் சேரச் சர்வரின் சுமை கூடும். கடைசி ஓவரில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

ஃபோனில் மேட்ச் பார்க்கும் கூட்டம் பெருகிவரும் காலத்திலும் டிவிக்கு மதிப்பு குறைந்துவிடவில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 2022-ல் ஏலம் போனபோது, இந்தியத் துணைக்கண்டத்துக்கான டிவி உரிமை 23,575 கோடி ரூபாய்க்கும், டிஜிட்டல் உரிமை 20,500 கோடி ரூபாய்க்கும் போயின.

யார் கேட்காமல் பார்க்கலாம்?

இதுவரை சொன்னவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஃபோன் ஒருவருடையது. டிவி வீட்டுக்குப் பொது.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருப்பவர்கள் 54 சதவீதம்தான். 49 வயதைத் தாண்டிய அம்மாக்களும் பாட்டிகளும் இந்தக் கணக்கிலேயே இல்லை. சொந்தமாக ஃபோன் இல்லாதவருக்கு ஃபோனில் நாடகம் பார்ப்பது என்றால், யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும். டிவிக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது இது கண்கூடாகத் தெரிந்தது. வீட்டில் இருப்பது ஒரு ஸ்மார்ட்ஃபோன், படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர், ஃபோனோ அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு, 2019-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் வகுப்பறையானது. பாடம் நேர அட்டவணைப்படி வந்தது, டேட்டா கேட்கவில்லை.

இப்போது ஸ்மார்ட் டிவி வாங்கும் வீடுகளில் வேறொரு சிக்கல் வருகிறது. டிவியைப் போட்டதும் சேனல் வராது, செயலிகள் வரிசையாக வந்து நிற்கும். ஒரு செயலி லாக்-இன் கேட்கும். அதற்கான ஓடிபி வெளியூரில் இருக்கும் மகனின் ஃபோனுக்குப் போகும். மகன் மீட்டிங்கில் இருப்பான். நேற்று வரை தானாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, இன்று பேரன் வரும்வரை காத்திருக்கிறார். புது டிவி வந்ததில் அவர் இழந்தது ஒன்று உண்டு, அது வெளியே தெரிவதில்லை.

குறைகளும் உண்டு

டிவியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பலத்த மழை வந்தால் டிடிஎச் படம் போய்விடும். மேகமும் மழைத்துளிகளும் அந்த அலைவரிசையை உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். புயலில் கேபிள் அறுந்தால் சரியாகப் பல நாள் ஆகும். கரண்ட் போனால் டிவி அவ்வளவுதான், ஃபோன் ஓடும். விளம்பரத்தைத் தாண்டிப் போக முடியாது. 2019-ல் டிராயின் புதிய கட்டண முறை வந்த பிறகு, எந்த சேனலுக்கு எவ்வளவு போகிறது என்று பலருக்குப் புரிவதும் இல்லை. தவறவிட்ட காட்சியைத் திரும்பப் பார்க்க ஓடிடிதான் கைகொடுக்கும். அதனால்தான் பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

புது டிவி வாங்கும்போது கவனிக்க

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கடையிலேயே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். ஒன்று, டிவியைப் போட்டதும் நேராக செட்-டாப் பாக்ஸ் இணைப்புக்குப் போகும்படி வைக்க முடியுமா? பல மாடல்களில் செட்டிங்கில் இந்த வசதி உண்டு. இரண்டு, பழைய பாக்ஸின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைச் செருக இடம் இருக்கிறதா? சில புது டிவிகளில் எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும், அல்லது தனியாக ஒரு இணைப்பு ஒயர் வாங்க வேண்டிவரும். மூன்று, ரிமோட்டில் எண் பட்டன்கள் இருக்கின்றனவா? எண் பட்டன் இல்லாத ரிமோட் என்றால், சேனல் மாற்ற செட்-டாப் பாக்ஸின் ரிமோட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய பெட்டி நன்றாக ஓடினால், புதுசு வந்த கையோடு அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.